இருபத்தெட்டாம் நாள் எந்த ஷிஃப்ட்?

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களைத் தெருமுனையில் முதலில் எதிர்கொள்வது நாய்கள்தான். பைக்கைத் துரத்தும், சில நாள் கெண்டைக்காலையும் கவ்வும். "குட்டி நாய்தானே, லேசான கீறல்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். 2025-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் படித்த இளைஞர் ஒருவரே, நாய் கடித்துச் சில மாதம் கழித்து, ரேபிஸால் இறந்துபோனார்.

அந்தச் சில மாதம்தான் ஆளை ஏமாற்றுகிறது. கிருமி நரம்பு வழியே மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் அநேகமாக எந்த மருத்துவமும் பலிக்காது. கடித்த உடனே குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதுதான் முதல் சிகிச்சை. நம் ஊர்களிலோ மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் முந்திக்கொள்கின்றன.

பெரியவர்களுக்கு இன்னொரு பயம்: தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்தைக் கைவிட்டு இருபது வருடமாகிறது. இப்போது அரசு மருத்துவமனைகளில் இலவசமாக, கையில், தோலுக்குள் போடுகிறார்கள். கடித்த அன்று, 3, 7, 28-ஆம் நாட்கள் என நான்கே தவணை. ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் தேவை.

முதல் ஊசிக்குப் பயத்தில் ஓடிவருகிறவர், காயம் ஆறியபின் மூன்றாவதை மறந்துவிடக்கூடும். 28-ஆம் நாள் வரும்போது அவர் எந்த ஷிஃப்டில் இருப்பாரோ! ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒருநாள் மருத்துவமனை என்றால் ஒருநாள் கூலி போச்சு. அதனால் இங்கே விழிப்புணர்வு வரவேண்டியது முதலில் ஒப்பந்தக்காரருக்கு என்பேன். அந்த நான்கு நாளுக்கும் கூலி பிடிக்காமல் விட்டால், நூறு சுவரொட்டி செய்யாததை அது செய்யும்.

சுவரொட்டி ஒட்டினாலும் எந்த மொழியில்? வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், லேபர் ஷெட்டில் ஒடியாவும் இந்தியும் பேசுகிற ஊர் இது. எந்த மொழியானாலும் இதையும் சொல்ல வேண்டும்: எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்கு அறை மாறிப் போனவரும் ஊசியை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஓசூரில் தொடங்கிய ஊசியை ஒடிசாவில்கூட முடிக்கலாம். மருத்துவமனையில் கொடுத்த சீட்டை மட்டும் தொலைக்காமல் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.