பரண் மேல் கிடக்கும் லேப்டாப்பை எடைக்குப் போடாதீர்கள்!

"பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று தெருவில் குரல் கேட்கிறது. பரண் மேல் தூசி படிந்து கிடக்கும் லேப்டாப் நினைவுக்கு வருகிறது. "திறந்தால் திரை எரியவில்லை. இனி எதற்கு?" என்று அதைத் தூக்கிக் கொடுத்து விடுகிறோம்.

பொறுங்கள்! திரை கெட்டிருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் 'ஹார்டு டிஸ்க்' நன்றாகவே இருக்கக் கூடும். மகளின் திருமணப் படம், மறைந்த தாத்தாவின் முகம், தறிக்குப் போட்ட டிசைன் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டம் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. காஞ்சீபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவின் பிறந்த நாள் அது. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களிலும், தறிக்குப் பக்கத்திலேயே லேப்டாப் வந்து உட்கார்ந்தது. அன்று படித்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். லேப்டாப் பரணுக்குப் போய்விட்டது.

தறிக்கும் டிஸ்க்குக்கும் உறவு

காஞ்சிப் பட்டில் மயிலும் அன்னமும் யாளியும் எப்படி வருகின்றன? தறியின் மேல் 'ஜக்கார்டு' பெட்டி இருக்கிறது. அதில் துளை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. துளை இருக்கும் இடத்தில் ஒரு இழை எழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பாது. ஜரிகையில் மயில் தோகை விரிக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர். 1804-ம் ஆண்டு வாக்கில் அவர் இதைச் செய்தார். பிறகு 1890-ல் அமெரிக்காவில் மக்கள் தொகைக் கணக்கு எடுத்தபோது, ஹாலரித் என்பவர் துளை அட்டைகளை வைத்தே கணக்குப் போடும் இயந்திரம் செய்தார். அவர் தொடங்கிய கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்து, 1924-ல் 'ஐ.பி.எம்.' என்று பெயர் பெற்றது.

அந்த ஐ.பி.எம்.தான் 1956-ல் முதல் ஹார்டு டிஸ்க்கை வெளியிட்டது. 2 அடி அகலமுள்ள 50 தட்டுகள்! எடை சுமார் ஒரு டன்! அதில் அடங்கியதோ 50 லட்சம் எழுத்துக்கள்தான். இன்று 320 ஜி.பி. என்று எழுதிய டிஸ்க் உள்ளங்கையில் அடங்குகிறது. அதில் அதைப்போல் 64 ஆயிரம் மடங்கு அடங்கும்.

கழற்றுவது எப்படி?

முதலில் லேப்டாப்பை முழுதாக நிறுத்துங்கள். சார்ஜர் வயரைப் பிடுங்குங்கள். பிறகு கவிழ்த்து வைத்து, பேட்டரியின் தாழ்ப்பாளைத் தள்ளி அதைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் தொடாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். அது தீப்பிடிக்கக் கூடியது.

பேட்டரி கழன்றதும், சுவிட்சைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும்.

தாய்மார்களே, பட்டுச் சேலையுடன் இந்த வேலை வேண்டாம்! கண்ணாடியைப் பட்டில் தேய்த்தால் மின்சாரம் பிறக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சிறு மின்சாரமும் டிஸ்க்குக்குப் பகை. பருத்தி உடுத்துங்கள். இரும்புக் குழாயை ஒரு முறை தொட்டுவிட்டு வேலை தொடங்குங்கள்.

லேப்டாப்பின் அடியில் சிறு மூடி இருக்கும். நட்சத்திர முனைத் திருப்புளியால் அதன் திருகுகளைக் கழற்றி, ஒரு கிண்ணத்தில் போடுங்கள். எந்தத் திருகு எந்த இடத்தில் இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். மூடியே இல்லாத லேப்டாப்பும் உண்டு. அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

உள்ளே சீட்டுக்கட்டைவிடச் சற்றுப் பெரிய தட்டைப் பெட்டி தெரியும். அதுதான் டிஸ்க். அதைப் பிடித்திருக்கும் திருகுகளை எடுங்கள். சட்டென்று மேலே தூக்காதீர்கள்! தறியில் நாடாவை நகர்த்துவதுபோல், இணைப்புப் பல்லிலிருந்து பக்கவாட்டில் மெல்ல நகர்த்தி எடுங்கள்.

திறக்காதீர்கள்!

கையில் வந்த டிஸ்க்கின் மூடியை மட்டும் திறக்கக் கூடாது. உள்ளே சுழலும் தட்டுக்கு மேல் ஒரு சிறு முனை மிதக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு! ஒரு தூசி விழுந்தாலும் போச்சு.

அடுத்து, கம்ப்யூட்டர் கடையில் 'சாட்டா' டிஸ்க் போடும் யு.எஸ்.பி. பெட்டி கேட்டு வாங்குங்கள். மிகப் பழைய டிஸ்க்கில் வரிசையாக ஊசிகள் நீட்டிக் கொண்டிருக்கும். அதற்கு வேறு பெட்டி. ஆகவே டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது மேல்.

டிஸ்க்கைப் பெட்டியில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால், உங்கள் படங்கள் தெரியும். 'பார்மட் செய்யவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். 'சரி' என்றால் உள்ளவை போகும். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். மேலும் ஓட்டினால் கெடுதல் அதிகமாகும். மீட்டுத் தரும் நிபுணரிடம் கொடுங்கள்.

படங்களை இரண்டு இடங்களில் பதிந்து வையுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றொன்று காக்கும்.

அழித்தது அழியவில்லை!

லேப்டாப்பை விற்கும்போது இன்னொரு ஆபத்து உண்டு. 'டெலிட்' செய்தால் எல்லாம் அழிந்ததாக நினைக்கிறோம். இல்லை! புத்தகத்தில் பொருளடக்கத்தை மட்டும் கிழித்தது போலத்தான் அது. பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. தெரிந்தவன் எடுத்துவிடுவான். ஆதார் நகலும் பேங்க் பாஸ்புக் படமும் அயலான் கைக்குப் போகும். ஒரு நெசவாளர் மாதக்கணக்கில் யோசித்து வரைந்த டிசைன், வேறு ஒருவர் தறியில் ஏறிவிடலாம்!

ஆகவே டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு லேப்டாப்பை விற்பதே பத்திரம். டிஸ்க்கையும் கொடுப்பதென்றால், அதன் மேல் முழுவதும் புதிதாக எழுதி அழிக்கும் மென்பொருளை ஓட்டிய பிறகே கொடுங்கள்.

உதவாத டிஸ்க்கையும் பேட்டரியையும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவுக்கென்று 2022-ல் வந்த விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. இந்தக் கழிவை வாங்க அனுமதி பெற்றவர்களிடமே கொடுக்க வேண்டும்.

கிழிந்த பட்டுச் சேலையிலிருந்தும் ஜரிகையைப் பிரித்து எடுத்துக் காசாக்கும் ஊர் நம் ஊர். பழைய லேப்டாப்பிலும் அப்படி ஒரு ஜரிகை இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, பிறகு எடைக்குப் போடுங்கள்!