மலேரியா வந்தால் ரத்தத்தில் சர்க்கரை சரிவது ஏன்? எலிகளிடம் கிடைத்த ஆச்சரிய விடை!

மலேரியா என்றதும் குளிர், நடுக்கம், காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். ஆனால் தீவிர மலேரியாவில் டாக்டர்கள் பயப்படுற இன்னொரு விஷயம் இருக்கு. ரத்தத்தில் சர்க்கரை கிடுகிடுவென இறங்குவதுதான் அது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது உயிருக்கே ஆபத்து.

சர்க்கரையைத் தின்பது யார்?

கொசுக்கடி வழியாக நுழையும் பிளாஸ்மோடியம் ஒட்டுண்ணி, முதலில் கல்லீரலில் பெருகும். அப்புறம் ரத்தச் சிவப்பணுக்களுக்குள் குடியேறும். அதற்குச் சாப்பாடு குளுக்கோஸ். சேர்த்து வைக்கும் பழக்கமெல்லாம் கிடையாது. அப்பப்போ எடுத்து எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு, சாதாரண அணுவைவிடப் பல மடங்கு குளுக்கோஸை இழுக்கும்.

அப்போ, ஒட்டுண்ணி தின்றுதான் சர்க்கரை குறையுதா? அது பாதிக் கதைதான்.

உடம்பே போடும் பட்டினி

மனிதர்களைத் தாக்கும் பால்சிபாரம் வகை, சாதாரண எலிகளுக்குத் தொற்றாது. அதனால் எலி இனங்களுக்கே உரிய பிளாஸ்மோடியம் வகைகளை வைத்துதான் ஆய்வு நடக்கிறது. போர்ச்சுகல் விஞ்ஞானிகள் தலைமையிலான அப்படியொரு ஆய்வு, 2022-ல் 'செல் மெட்டபாலிசம்' இதழில் வெளியானது.

சிவப்பணுக்கள் உடையும்போது ஹீம் என்ற இரும்பு கலந்த பொருள் வெளியே சிந்துகிறது. இந்த ஹீம் பசியை அடக்குகிறது. கல்லீரல் குளுக்கோஸ் தயாரிப்பதையும் குறைக்கிறது. அதாவது, உள்ளே புகுந்த எதிரிக்குச் சாப்பாடு போடாமல் உடம்பே அடுப்பை அணைக்கிறது!

ஒட்டுண்ணியின் வளர்ச்சி நிற்கிறது. ஆனால் அது லேசுப்பட்டதில்லை. வீரியத்தைக் குறைத்துக்கொண்டு, அடுத்த கொசு வழியாக வேறு உடம்புக்குத் தாவும் வடிவத்துக்கு மாற ஆரம்பிக்கிறது. இந்தப் பட்டினி நீண்டால் எலிக்கும் நஷ்டம்தான். சக்தி குறையும், உடம்புச் சூட்டைக் காப்பாற்ற முடியாமல் போகும்.

இன்னொரு எலி, இன்னொரு பதில்

2018-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூளை மலேரியா தாக்கும் எலிகளுக்கு, குளுக்கோஸை எரிக்க விடாமல் தடுக்கும் ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். அந்த எலிகளுக்கு மூளை மலேரியா வரவில்லை. இதில் வேடிக்கை, ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை குறையவே இல்லை! மூளையில் ரத்தம் கட்டுவது மட்டும் தடுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் கடைசியில் ரத்தசோகையால் அவை இறந்துவிட்டன.

அப்போ பட்டினி போடலாமா?

கூடவே கூடாது. இதெல்லாம் கூண்டு எலிகளிடம் பார்த்தது. மனிதர்களிடம் சர்க்கரை 40 மில்லிகிராமுக்குக் கீழே போனால், அதுவே தீவிர மலேரியாவின் அடையாளம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. போதாக்குறைக்கு, பழைய மருந்தான குயினைன் இன்சுலின் சுரப்பைத் தூண்டி சர்க்கரையை இன்னும் இறக்கும். இப்போது தீவிர மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசிதான் முதல் தேர்வு.

மலேரியாக் காய்ச்சலில் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ, மூளையைத் தாக்கிவிட்டது என்றுதான் தோன்றும். சில நேரம் காரணம் சர்க்கரை குறைந்ததாகவும் இருக்கலாம். அதனால்தான் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து உடனே பார்க்கிறார்கள். பார்க்கக் கருவி இல்லாத இடத்தில், சர்க்கரை குறைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.