யூரின் டியூபும் சிறுநீர்த் தொற்றும்

சிறுநீர் தானாகப் பிரியாதவர்களுக்கும், பிரியும் சிறுநீரை மணிக்கு மணி அளக்க வேண்டிய நோயாளிகளுக்கும் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தப்படும் மெல்லிய குழாய்தான் கதீட்டர். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையானாலும், 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இன்று அரசு கல்லூரியாகிவிட்ட சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவமனையானாலும், வார்டில் அதன் பெயர் ‘யூரின் டியூப்’. புராஸ்டேட் வீங்கி நீர் அடைத்துக்கொண்டவர், முதுகுத்தண்டில் அடிபட்டவர், பெரிய அறுவை சிகிச்சை முடிந்தவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடப்பவர் ஆகியோருக்கு அது தேவைப்படுகிறது. இன்று பரவலாகப் பயன்படும் வடிவத்தை 1930களில் அமெரிக்கச் சிறுநீரகவியல் மருத்துவர் ஃபிரடெரிக் ஃபோலே உருவாக்கினார். குழாயின் நுனியருகே உள்ள சிறு பலூனில் சுமார் 10 மில்லி லிட்டர் தூய நீரை ஏற்றினால், குழாய் நழுவாமல் சிறுநீர்ப்பைக்குள் நிற்கும்.

உடல்நலம் உள்ளவருக்குச் சிறுநீர் ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் கிருமிகளையும் அடித்துக்கொண்டு போகிறது. டியூப் போட்டதும் இந்த இயற்கைக் காவல் போய்விடுகிறது. பலூனுக்குக் கீழே எப்போதும் சிறிது சிறுநீர் தேங்குகிறது. வெளியிலிருந்து உள்ளே செல்ல ஒரு நிரந்தர வழியும் திறந்துவிடுகிறது. பெரும்பாலும் நோயாளியின் சொந்தக் குடலில் வாழும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி மேலேறுகின்றன. பராமரிப்பவர் கையிலிருந்தோ பையின் திறப்பிலிருந்தோ வருபவை குழாயின் உட்புறமாக ஏறுகின்றன. பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதையின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். அதனால் பெண்களுக்கு அபாயம் கூடுதல். முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் நிலையும் அதுவே.

உள்ளே போன கிருமிகள் குளத்துப் படியில் பாசி படிவது போலக் குழாயின் சுவரில் வழுவழுப்பான படலமாகப் படிகின்றன. உயிர்ப்படலம் எனப்படும் இதற்குள் ஆன்டிபயாடிக் மருந்து சரியாக ஊடுருவாது. டியூபை வைத்துக்கொண்டே மருந்து கொடுத்தால் காய்ச்சல் தணிந்து மீண்டும் வருவதற்கு இது ஒரு காரணம். புரோட்டியஸ் என்ற பாக்டீரியா யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கும். அதனால் சிறுநீரில் உள்ள தாது உப்புகள் படிகமாகிக் குழாயையே அடைத்துவிடும்.

டியூப் உள்ள ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதம் கடந்தால் ஏறக்குறைய எல்லோரின் சிறுநீரிலும் கிருமி இருக்கும். ஆனால் கிருமி இருப்பது வேறு, தொற்று நோய் வேறு. காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்றிலோ விலாப்பக்கத்திலோ வலி, முதியவர்களுக்குத் திடீர் மனக்குழப்பம் ஆகியவை தோன்றி, வேறு காரணமும் தென்படாதபோதே தொற்று என்று கருதப்படுகிறது. சிறுநீர் கலங்கியிருப்பதும் நாற்றம் அடிப்பதும் மட்டும் தொற்றுக்கு அடையாளமல்ல. அறிகுறி இல்லாதவருக்கு யூரின் கல்ச்சர் எடுத்து, அதில் வந்த கிருமிக்காக மருந்து கொடுத்தால், மருந்துக்கு மசியாத கிருமிகள் வளர்வதே மிச்சம். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் இதற்கு விதிவிலக்கு.

நாட்களோடு அபாயம் கூடுவதால், தடுப்பின் முதல் படி டியூப் நாட்களைக் குறைப்பதே. படுக்கை நனைகிறது, கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல ஆள் இல்லை என்பவை டியூப் போடப் போதுமான காரணங்கள் ஆகா. நீர் அடைப்பு இல்லாத ஆண்களுக்கு ஆணுறை போல மேலே மாட்டும் வெளிக்குழாய் போதும். சிறுநீர்ப்பை சரியாகச் சுருங்காதவர்களுக்கு, தினமும் சில முறை குழாய் விட்டு நீரை எடுத்து உடனே நீக்கும் முறை பாதுகாப்பானது. அறுவை சிகிச்சைக்காகப் போட்ட டியூபை, வேறு தேவை இல்லையென்றால், 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடலாம். ‘இன்றும் இது தேவையா?’ என்று டாக்டரும் நர்ஸும் தினமும் கேட்டுக்கொள்வதுதான் இங்கே முக்கியம். அமெரிக்காவில் 603 மருத்துவமனைகளில் இந்தக் கேள்வியையும் தூய்மை விதிகளையும் பழக்கப்படுத்தியபோது, பொது வார்டுகளில் 1,000 டியூப் நாட்களுக்கு 2.28 ஆக இருந்த தொற்று 1.54 ஆகக் குறைந்தது. 2016இல் இந்த முடிவு வெளியானது. விலை கூடிய குழாய்கள் அவ்வளவு கைகொடுக்கவில்லை. பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 7,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், குறுகிய காலத்துக்குப் போடப்பட்ட வெள்ளிப்பூச்சுக் குழாய் சாதாரணக் குழாயைவிட மேலாகத் தொற்றைத் தடுக்கவில்லை.

டியூப் தவிர்க்க முடியாதது என்றால், அதைப் பயிற்சி பெற்றவர், கை கழுவி, கிருமி நீக்கிய கையுறையும் உபகரணங்களும் கொண்டு செலுத்த வேண்டும். சிறுநீர் தாராளமாக வெளியேறும் அளவில் இயன்றவரை மெல்லிய குழாயே நல்லது. குழாயையும் பையையும் இணைக்கும் இடத்தைக் கழற்றவே கூடாது. இந்த மூடிய இணைப்பு தொற்றைக் குறைக்கும் என்பதை அமெரிக்க மருத்துவர் கால்வின் குனின் 1966இலேயே காட்டினார். பரிசோதனைக்கான சிறுநீரைப் பையிலிருந்து எடுக்காமல், குழாயில் அதற்கென உள்ள துளையிலிருந்து ஊசியால் எடுக்க வேண்டும்.

டியூபோடு வீடு திரும்புபவர்களுக்கு வீட்டாரே நர்ஸ். டியூபையோ பையையோ தொடும் முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். குழாய் நுழையும் இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். டெட்டாலோ பவுடரோ களிம்போ வேண்டாம். குழாயை இழுபடாமல் தொடையில் ஒட்டி வைக்க வேண்டும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். காட்டுமன்னார்கோவிலிலிருந்தோ புவனகிரியிலிருந்தோ பஸ்ஸிலும் ஆட்டோவிலும் சிதம்பரம் வருபவர்கள் பையைத் தோளில் மாட்டினாலோ மடிமேல் உயர்த்திப் பிடித்தாலோ, பையில் உள்ள சிறுநீர் திரும்பச் சிறுநீர்ப்பைக்குள் இறங்கும். கிளம்பும் முன் பையைக் காலி செய்துவிட்டு, முழங்கால் மட்டத்தில் தொங்கவிடுவதே சரி. முழுக்க நிறையும்வரை காத்திராமல், தனிப் பாத்திரத்தில் பையைக் காலி செய்ய வேண்டும். பையின் வாய் பாத்திரத்தில் படக் கூடாது.

கத்திரி வெயிலில் உடல் வறண்டு சிறுநீர் சுண்டிப்போகும். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ காரணமாக டாக்டர் அளவு சொல்லாதவர்கள் தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் சூழும் தாழ்வான ஊர்களில் கூடுதல் பையும் சோப்பும் காய்ச்சி ஆறிய நீரும் கைவசம் இருப்பது நல்லது. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸ் வரும் ஏற்பாடு, 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் உண்டு. கிராமச் சுகாதார நர்ஸிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரிக்கலாம்.

தொற்று வராமலிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் சாப்பிடுவதும், சிறுநீர்ப்பையை வழக்கமாக மருந்து நீரால் கழுவுவதும் பரிந்துரைக்கப்படுவதில்லை. காய்ச்சல், நடுக்கம், ரத்தம் கலந்த சிறுநீர் இருந்தாலோ, சில மணி நேரமாகப் பையில் சிறுநீர் இறங்காமல் அடிவயிறு உப்பினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைப் போட்டுவிட்டு கல்ச்சர் எடுத்தால் கிருமி பிடிபடாமல் போகலாம். டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேலாகியிருந்தால், பழையதை மாற்றிப் புதிய குழாயிலிருந்து சிறுநீர் எடுத்துப் பரிசோதித்த பிறகு மருந்தைத் தொடங்குவதே முறை. நோயாளி விரைவில் தேறினால் வழக்கமாக 7 நாள் மருந்து போதும். தேறத் தாமதமானால் 10 முதல் 14 நாள் வரை தேவைப்படும். டியூபை வீட்டில் யாரும் இழுத்து எடுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பலூன் சிறுநீர்ப் பாதையைக் கிழித்துவிடும். பலூனின் நீரைச் சிரிஞ்சால் எடுத்த பின்னரே குழாயை வெளியே எடுக்க வேண்டும்.