கம்ப்யூட்டருக்குள் ஓர் அடுப்பு!

கோவைக் கிரைண்டரைத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? மேஜை மேல் வைக்கும் சிறிய கிரைண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் 150 வாட் மோட்டார். அப்படி மூன்று கிரைண்டர்கள் குடிக்கும் மின்சாரத்தை, ஒரு முழம்கூட நீளமில்லாத கார்டு ஒன்று குடிக்கிறது என்றால் நம்ப முடிகிறதா?

அதுதான் கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டர் திரையில் ஓடும் படங்களை வரைந்து தருவது இதன் வேலை. 2022-ம் ஆண்டில் வந்த 'ஆர்.டி.எக்ஸ். 4090' என்ற கார்டுக்கு 450 வாட் வேண்டும். கிரைண்டரிலாவது மின்சாரம் மாவை அரைக்கிறது. கார்டிலோ அத்தனையும் கடைசியில் சூடாகவே வெளியேறுகிறது. அதில் பெரும்பகுதி பிறக்கும் இடம், தபால் தலை அளவுள்ள ஒரு சில்லு!

திருப்பூரில் பனியனுக்குப் படம் வரைகிறவருக்கும், கோவையில் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுகிறவருக்கும் இந்தக் கார்டுதான் பிழைப்பு. சூடு 80 டிகிரியைத் தாண்டினால் பல கார்டுகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். சித்திரை வெயிலில் வேலை நகராது. ஆகவே, கார்டோடு வந்த விசிறியைக் கழற்றிவிட்டு, தனியாக விற்கும் பெரிய கூலரை வாங்கி மாட்டுகிறார்கள். 'ஆர்க்டிக்' கம்பெனியின் 'அக்செலெரோ எக்ஸ்ட்ரீம்' கூலரில் மூன்று விசிறிகள்.

குழாய்க்குள் நீராவி

இந்தக் கூலர்களின் உயிர், செம்புக் குழாய். காற்றை நீக்கி, துளித் தண்ணீர் விட்டு மூடிய குழாய் அது. சூடான முனையில் தண்ணீர் ஆவியாகும். குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகித் திரும்பும். அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் 1963-ல் ஜார்ஜ் குரோவர் இத்தகைய குழாயை உருவாக்கினார். அவர் நினைத்தது விண்கலத்தை!

சரி, காசு கொடுத்து வாங்கிய கூலர் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

மார்கழி இரவில், அறையின் உஷ்ணம் 22 டிகிரி. பழைய கூலரோடு சில்லு 72 டிகிரி காட்டியது என்று வைத்துக் கொள்வோம். சித்திரையில் புதிய கூலர் வந்தது. அறை 36 டிகிரி, சில்லு 80. "பணம் போச்சே!" என்று தலையில் கை வைப்பார் வாங்கியவர். அவசரப்பட வேண்டாம். அறையின் சூட்டைக் கழித்துப் பாருங்கள். முன்பு 50, இப்போது 44. புதியதுதான் கெட்டிக்காரக் கூலர்! குளிரூட்டிய கடையில் அதே கூலர் 66 காட்டும். அதைப் பார்த்து மயங்குவதும் இதே தவறுதான்.

மோட்டார்க்காரர்கள் அறிந்தது

இந்தக் கழித்தல் கணக்கு கோவைக்குப் புதிதல்ல. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் மின் மோட்டார் செய்த ஊர் இது. இந்தியாவிலேயே முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். மோட்டாரின் சூட்டைச் சோதிக்கும்போது, ஓடுவதற்கு முன் காயிலின் மின்தடையை அளப்பார்கள். பிறகு முழுச் சுமையோடு, சூடு இனி ஏறாது என்ற நிலை வரும்வரை ஓட விடுவார்கள். மறுபடியும் அளப்பார்கள். ஒரு டிகிரி ஏறினால் செம்பின் தடை ஏறத்தாழ 0.4 சதவிகிதம் கூடும். அதிலிருந்து உள்ளே இருக்கும் சூடு தெரியும். சுற்றுப்புறச் சூட்டைக் கழித்தால் மிஞ்சுவதே மோட்டாரின் 'உஷ்ண ஏற்றம்'. பம்பு, மோட்டார்களைச் சோதிக்க 'சிட்டார்க்' என்ற நிலையமே கோவையில் இருக்கிறது.

கார்டுக்கும் அதே பொறுமை வேண்டும். பெரிய கூலர் சூடேற நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டுப் புகழக் கூடாது. விசிறியின் வேகத்தையும் மாற்றாமல் நிறுத்தி வைக்க வேண்டும். பழையதைப் பாதி வேகத்திலும் புதியதை முழு வேகத்திலும் ஓட்டி ஒப்பிடுவது என்ன நியாயம்? பெட்டியையும் மூடியே சோதிக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சில்லைச் சுற்றி மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும் சிறு பாகங்கள் இருக்கின்றன. பழைய கூலரைக் கழற்றும்போது அவற்றின் போர்வையும் போய்விடும். சிறிய அலுமினியத் துண்டுகளை ஒட்ட மறந்தால், திரையில் சில்லு 'குளுகுளு' என்று காட்டும். பக்கத்தில் இவை வெந்து கொண்டிருக்கும்! கூலரை மாற்றினால் கார்டின் உத்தரவாதமும் போகக் கூடும் என்பதை முன்பே விசாரித்துக் கொள்வது நல்லது.

தறியும் மில்லும் நிறைந்த சீமையில் பஞ்சுத் தூசிக்குப் பஞ்சமில்லை. அது கூலரின் தகடுகளுக்கு இடையே கம்பளி போல் அடைத்துக் கொள்ளும். ஆகவே புதியதை வாங்குமுன் பழைய கூலரைச் சுத்தம் செய்து, காய்ந்துபோன பசையை மாற்றி, ஒரு முறை அளந்து பார்க்கலாம். ஏற்றம் குறைந்திருந்தால் அந்தப் பணம் மிச்சம்!