கடற்கரைப் பந்தலில் யாருக்கு இடம்?

உங்கள் இல்லத்திற்கு அண்மையில் வந்த திருமண அழைப்பிதழ் ஒன்றை எடுத்து, அதன் அடியில் சிறிய எழுத்தில் காணப்படும் அச்சகத்தின் பெயரைப் பாருங்கள். ஊர் சிவகாசி என்றிருக்கக்கூடும். சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் போன்ற சிற்றூர்களில் பட்டாசும் அச்சுத்தொழிலுமே பல குடும்பங்களின் பிழைப்பு. மழை குறைந்த பூமி அது. உழவு கைவிட்ட இடத்தில் தீக்குச்சியும் வெடிமருந்தும் காகிதமும் சோறு போட்டன. 1985ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை என்பதே கிடையாது. ஆயினும், இன்று கடற்கரைகளில் நிகழும் பகட்டான திருமணங்களுக்கு இவ்வட்டாரத்துக் கைகளின் உழைப்பு இருமுறை சென்று சேர்கிறது. முதலில் அழைப்பிதழாக, முடிவில் வாணவேடிக்கையாக.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அனைத்தையும் அமைத்துக் கொடுப்பவர் திருமண அலங்கரிப்பாளர். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், கேரளத்துக் கோவளத்திலும், கோவாவிலும் இது இன்று பெருந்தொழில். நம் சமுதாயத்து இளைஞர்களும் இதில் இறங்கியிருக்கின்றனர். "இத்தொழில் ஆகுமானதா?" என்ற கேள்வி பெற்றோர் சிலரின் உள்ளத்தில் எழுகிறது. அதற்கு விடை காணுமுன், தொழில் எத்தகையது என்பதை அறிய வேண்டாமா?

எளிதான தொழிலன்று அது. முற்பகல் கழிந்ததும் கடலிலிருந்து காற்று எழும். துணி பாய்மரம்போல் உப்பும். மணலில் ஊன்றிய கால் அசையும். ஒவ்வொரு காலின் அடியிலும் மணல் மூட்டை கட்ட வேண்டும். உப்புக் காற்று இரும்பைத் துருவாக்கும். மதுரையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்ட மல்லிகையை மாலைக்குள் வாட்டிவிடும். ஓலைப்பந்தலும் வாழைமரமும் கட்டிய பழைய பந்தல்காரரின் வாரிசுதான் இவர். பெயர் மட்டுமே மாறியிருக்கிறது. தன் அடியார்களுக்காக இறைவன் வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடை செய்தவர் யார் என்று திருக்குர்ஆன் அல்அஃராஃப் அத்தியாயத்தில் வினவுகிறது. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்ற நபிமொழியும் நாம் அறிந்ததே. ஆகவே, அழகுபடுத்திப் பிழைப்பது குற்றமன்று. குற்றம் வேறிடத்தில் நுழைகிறது.

திருமண அலங்காரம் பற்றிய ஒரு வழக்கு ஸஹாபாக்கள் காலத்திலேயே எழுந்திருக்கிறது. இமாம் புகாரி அவர்கள் தம் நூலின் நிக்காஹ் பகுதியிலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் தம் மகன் ஸாலிமின் திருமணத்திற்கு மக்களை அழைத்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி). மதீனா வந்த நபிகள் பெருமானார் (ஸல்) அவர்களுக்குத் தம் வீட்டில் இடமளித்த பெருந்தகை அவர். உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்தார். சுவர் முழுவதும் பச்சைத் துணி! வீட்டுக்குரியவர் நாணமுற்று, இவ்விஷயத்தில் பெண்கள் எங்களை வென்றுவிட்டார்கள் என்று கூறினார். (ஆண்கள் அன்றும் இந்தச் சமாதானத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்!) அபூ அய்யூப் அவர்கள் அதை ஏற்கவில்லை. வேறு எவரைப் பற்றி அஞ்சினாலும் உம்மைப் பற்றி இப்படி அஞ்சியதில்லை என்ற கருத்தில் பேசி, உணவருந்தாமலே திரும்பிவிட்டார்கள்.

இதைக் கொண்டு திரைச்சீலை கட்டுவதெல்லாம் ஹராம் என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். சுவருக்குத் துணி உடுத்துவது வெறுக்கத்தக்கது என்ற அளவிலேயே இமாம் நவவி போன்ற அறிஞர்கள் நிறுத்திக் கொண்டனர். நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஊருக்கு முன்மாதிரியாக நிற்பவரின் வீட்டில் ஒரு முழம் துணி கூடினால், அடுத்த வீட்டில் அது பத்து முழமாகும். அபூ அய்யூப் அவர்கள் அஞ்சியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடற்கரைத் திருமணம் ஒன்றின் படங்களைப் பார்த்துவிட்டு, "நம் மகளுக்கு மட்டும் என்ன குறை?" என்று கேட்கும் தாய்மார்களும், அக்கேள்விக்கு விடையாக நகையை அடகு வைக்கும் தகப்பனார்களும் இன்று அரியவர்களல்லர்.

ஊரை விட்டு வெளியே, திறந்த வெளியில் விருந்து வைப்பது தவறா? அதுவுமன்று. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் (கி.பி. 628) கைபரிலிருந்து திரும்பும் வழியில்தான் பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்து வலீமா விருந்தளித்தார்கள். தோல் விரிப்புகள் தரையில் விரிக்கப்பட்டன. மிகுதி உணவு வைத்திருந்தோர் கொணரும்படி அழைக்கப்பட்டனர். ஒருவர் பேரீச்சம்பழம் கொணர்ந்தார், ஒருவர் உலர்ந்த பாலாடைக்கட்டி, ஒருவர் நெய். எல்லாம் ஒன்றாகப் பிசையப்பட்டது. அதுவே விருந்து. ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பாலைவெளி, வானமே பந்தல், எளிய உணவு. ஆனால் உடன் பயணம் செய்த முஸ்லிம்களில் இன்னார் அழைக்கப்படவில்லை என்ற பேச்சுக்கு அங்கு இடமில்லை.

ஈண்டுதான் கடற்கரைத் திருமணத்தின் உள்முடிச்சு இருக்கிறது. செல்வர்கள் அழைக்கப்பட்டு, ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் தீயது என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஏழையை அழைக்க வேண்டாம் என்று இன்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. தொலைவே அதைச் சொல்லிவிடுகிறது. முந்நூறு கல் தொலைவில் உள்ள விடுதியில் நிக்காஹ் என்று அழைப்பிதழில் அச்சிட்டால் போதும். தெருக்கோடியில் இட்டிலி விற்கும் மூதாட்டி தாமாகவே விலகிக் கொள்வார். பள்ளிவாசல் மோதினார் துஆச் செய்துவிட்டு வீட்டிலிருப்பார். கூலிக்குப் போகும் தாய்மாமன் பயணச் செலவையும், ஒருநாள் கூலி இழப்பையும், உடுத்திச் செல்லும் உடையையும் எண்ணிப் பார்த்து, உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்புவார். அவரை அழைக்கத்தான் செய்தோம் என்று நாமும் நம் நெஞ்சைத் தேற்றிக் கொள்வோம்.

பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 26ஆம் வசனத்தை ஊன்றிப் படியுங்கள். உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் உரியதைக் கொடுப்பது பற்றிய கட்டளை முதலில் வருகிறது. வீண்விரயம் செய்யாதே என்பது அதைத் தொடர்ந்தே வருகிறது. உரியவருக்குச் சேராமல் போனதுதான் விரயமாகிறது என்று அவ்வரிசையே உணர்த்துவதுபோல் இருக்கிறது.

காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் எண்ணிப் பாருங்கள். கடலைக் கொல்லையாகக் கொண்ட ஊர்கள் அவை. அலையோசை கேட்கும் வீடுகளில் வாழ்ந்த அம்மக்கள், திருமணத்தைத் தெருவிலும் வீட்டிலும் பள்ளிவாசலிலும் வைத்தே நடத்தி வந்தனர். ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் வழக்கத்தில், அருகிலிருப்பவர் செல்வரா வறியவரா என்று பார்க்க முடியுமா?

ஆகவே, இத்தொழிலில் உள்ள தம்பிமார்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். திருமண வீட்டார் முதன்முதலில் உங்களிடம் பேச வரும்போது, மேடையின் நிறத்தைக் கேட்பதற்கு முன், வர இயலாதவர்கள் யார் யார் என்று கேளுங்கள். நிக்காஹை ஊர்ப் பள்ளிவாசலில் நடத்தி, மஹல்லாவாசிகளுக்கு அங்கேயே உணவளித்துவிட்டு, கடற்கரை நிகழ்ச்சியைச் சிறிதாக்கிக் கொள்ளலாமே என்று எடுத்துச் சொல்லுங்கள். அன்றேல், உறவினருக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும் செலவைப் பூ அலங்காரச் செலவுக்கு முன்னால் எழுதுங்கள். வருமானம் சிறிது குறையலாம். பரக்கத் குறையாது.

வாணவேடிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். நிக்காஹை அறிவிக்க நம் மார்க்கம் காட்டியது தஃப் ஒலி. கடற்கரையில் நள்ளிரவு வெடி எதற்கு? இரவு 10 மணிக்கு மேல் வெடிக்கச் சட்டமே தடை விதித்திருக்கிறது. 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் கலந்த வெடிகளையும் விலக்கியது. தை முதல் பங்குனி வரை நம் கரைகளில் முட்டையிடுவதால் பங்குனி ஆமை என்றே பெயர் பெற்ற உயிரினம் ஒன்றுண்டு. அதன் குஞ்சுகள் வெளிச்சமான திசையையே கடலென்று நம்பி நடக்கும். நம் விளக்கு அலங்காரம் அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும். சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அம்முட்டைகளைக் காத்து வருகின்றனர். மணல் பக்கம் திரும்பிய விளக்கை அணைக்கச் சொல்வது அலங்கரிப்பாளருக்குக் கடினமான காரியமா?

அந்த வெடியைச் செய்தவர்களையும் மறந்துவிட முடியாது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாம் ஒரு நொடி அண்ணாந்து பார்க்கும் வண்ணத்தின் பின்னால், உராய்வுக்கும் வெயிலுக்கும் அஞ்சி அஞ்சிக் கழியும் பகல்கள் இருக்கின்றன.

பணியாளர் உங்களுக்கு உணவு கொண்டுவந்தால் அவரை உடன் அமர்த்திக் கொள்ளுங்கள். இயலாவிடில் ஓரிரு கவளமேனும் கொடுங்கள், அதன் வெப்பத்தையும் உழைப்பையும் சுமந்தவர் அவரே என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. கடற்கரைப் பந்தலில் விடியற்காலை முதல் மூங்கில் சுமந்தவர்கள், மணல் மூட்டை கட்டியவர்கள், தேக்சாவின் அருகில் வெந்தவர்கள் விருந்து முடியும்வரை எங்கே நிற்கிறார்கள்? பெரும்பாலும் மேடைக்குப் பின்னால், இருட்டில். விருந்தினர் வருவதற்கு முன்பே அவர்களுக்கென்று ஒரு பந்தி போடச் சொல்லுங்கள். பிரியாணி சூடாக இருக்கும்போதே.