ஆயில் விளக்கு எரியுதா? வண்டியை உடனே நிறுத்துங்க!

குழுக் கடனில் பழைய டீசல் லோடு வண்டி வாங்கி, காய்கறியும் தேங்காயும் ஏற்றிப் பிழைக்கிறவர்கள் நம்மில் உண்டு. வண்டி ஓடினால்தான் தவணை கட்ட முடியும். ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரியும்போது, "சந்தைக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்று ஓட்டினால் சில நிமிடத்திலேயே இன்ஜின் ஜாம் ஆகிவிடலாம். பிறகு செலவு ஆயிரத்தில் நிற்காது.

ஆயில் பிரஷர் என்றால் என்ன? அடியில் உள்ள ஆயிலை பம்ப் உறிஞ்சி, கிராங்க், பேரிங் எல்லாவற்றுக்கும் தள்ளுகிறது. பேரிங் தேய்ந்தால் இடைவெளி அதிகமாகி ஆயில் வழிந்துவிடும். ஓட்டை விழுந்த குழாயில் தண்ணீர் வேகம் குறையுமே, அதுபோலத்தான்.

விளக்கு எரிந்தவுடனே இன்ஜினைத் தூக்கி வேலை பார்க்க ஒத்துக்கொள்ளாதீர்கள். செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

1. அளவு: சமதரையில் நிறுத்தி, 10 நிமிடம் கழித்து ஆயில் குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் இருக்க வேண்டும். குறைந்தால் ஊற்றுங்கள், ஒழுகுதா என்றும் பாருங்கள்.

2. தன்மை: அளவு ஏறி டீசல் வாசனை வந்தால் டீசல் கலந்திருக்கிறது. பால் காபி நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது, கலக்கும் இடத்தைச் சரி செய்ய வேண்டும்.

3. சுவிட்சும் ஒயரும்: பிரஷர் சரியாக இருந்தும் சுவிட்ச் கெட்டுப்போனாலோ, ஒயர் பாடியில் உரசினாலோ விளக்கு எரியும். இது சின்ன செலவு.

4. கேஜ்: சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். இன்ஜின் சூடான பிறகு அளப்பதுதான் சரி. 1000 சுற்றுக்கு 10 பவுண்டு என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவே முடிவானது.

5. கேஜும் குறைவாகக் காட்டினால்: ஆயில் ஃபில்டர், அடியில் உள்ள சல்லடையில் கசடு, பிரஷர் வால்வு, பம்ப் என்று வரிசையாகப் பார்க்கட்டும். குளிர்ந்தபோது சரியாக இருந்து, சூடானதும் ஸ்லோவில் விளக்கு எரிந்தால் ஆயில் நீர்த்திருக்கும், அல்லது பேரிங் தேய்ந்திருக்கும். 'டக் டக்' சத்தமும் சேர்ந்தால் பெரும்பாலும் பேரிங்தான். அதற்குமேல் ஓட்டவே கூடாது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குறையை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றி விற்பவர்களும் உண்டு. அரை மணி நேரம் ஓட்டி, சூடான பிறகு விளக்கைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

சேமிப்புக்கு நோட்டு வைக்கிறோம் அல்லவா? அதேபோல ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், மெக்கானிக் பில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கு கையில் இருந்தால் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது.