போனஸ் வந்ததும் புது செல்போன்! வேலை இல்லாத மாதத்தில் வந்து நிற்கும் தவணை!
பட்டாசு வட்டாரத் தொழிலாளர் வீடுகளில் தீபாவளிக்குத் தீபாவளி நடக்கும் கதை

சிவகாசி, அக். 3-

தீபாவளி நெருங்குகிறது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் பட்டாசு ஆலைகளில் போனஸ் பேச்சு தொடங்கிவிட்டது.

முன்பெல்லாம் போனஸ் வாங்கினால் பிள்ளைகளுக்குச் சட்டை எடுப்பார்கள். வீட்டுக்காரிக்கு ஒரு சேலை. மீதி இருந்தால் ஒரு எவர்சில்வர் குடம். அதோடு சரி.

இப்போது வீட்டில் முதல் பேச்சே செல்போன்தான்.

"இந்த வருஷம் போனஸ் வந்ததும் எனக்கு போன் வாங்கித் தரணும்" என்று மகன் ஆடி மாசமே சொல்லி வைத்துவிடுகிறான். மகளுக்கும் வேண்டும். அம்மாவின் கையில் இருப்பதோ பழைய பட்டன் போன்.

குடும்பத்தோடு கடைக்குப் போகிறார்கள். 9 ஆயிரம் ரூபாய் போன் வாங்கத்தான் போகிறார்கள். திரும்பி வரும்போது பையில் இருப்பது 18 ஆயிரம் ரூபாய் போன்!

கையில் இருந்த பணம் அதேதான். போன் விலை மட்டும் எப்படி இரட்டிப்பானது? அங்கேதான் இருக்கிறது சங்கதி.

"ஒரு நாளைக்கு 50 ரூபாதான்க்கா!"

கடையில் பேச்சு இப்படித்தான் போகும்.

"வாங்கக்கா. பட்ஜெட் எவ்வளவுக்கா?"

"ஒம்பதாயிரம் தம்பி."

"அந்த வெலைக்கு வாங்கினா ரெண்டு வருஷத்துல ஹேங் ஆயிடும்க்கா. இதைப் பாருங்க. 18 ஆயிரம். இப்ப 6 ஆயிரம் மட்டும் கட்டுங்க. மாசம் 1,500 வீதம் எட்டு மாசம். வட்டியே கிடையாது. ஒரு நாளைக்கு 50 ரூபாதான்!"

அக்கா யோசிக்கிறார். மகன் போனை எடுத்து ஒரு செல்பி பிடித்துவிடுகிறான். வியாபாரம் முடிந்தது!

கடன் கொடுக்கும் கம்பெனியின் ஆள் கடைக்குள்ளேயே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். ஆதார், பான் கார்டு, வங்கிக் கணக்கு, செல்லுக்கு வரும் ஓ.டி.பி. இவ்வளவுதான். சில நிமிடங்களில் கடன் ரெடி. மாதாமாதம் வங்கிக் கணக்கில் இருந்து தானாகவே பணம் எடுத்துக்கொள்ளவும் அப்போதே சம்மதம் வாங்கிவிடுவார்கள்.

வட்டி இல்லாத கடனா?

வட்டியே இல்லாமல் எவனாவது கடன் கொடுப்பானா? ரிசர்வ் வங்கியே இதை எப்போதோ சொல்லிவிட்டது. 2013 செப்டம்பர் 17-ந் தேதி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, பரிசீலனைக் கட்டணம் போன்றவற்றில் வட்டியை மறைத்து விடுகிறார்கள் என்று கண்டித்திருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

18 ஆயிரம் ரூபாய் போனை ரொக்கமாக வாங்கினால் கடைக்காரர் ஆயிரம் ரூபாய் தள்ளித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 17 ஆயிரத்தில் முடிந்தது.

தவணை என்றால் அந்தத் தள்ளுபடி கிடையாது. முழு 18 ஆயிரம். பரிசீலனைக் கட்டணம் 500 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. 90 ரூபாய். மொத்தம் 18,590.

வித்தியாசம் 1,590 ரூபாய். "இது ஒரு காசா?" என்று கேட்கலாம். கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே போகிறது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஊர்ப் பேச்சில் சொல்வதானால் இது மூணு வட்டிக்கும் மேலே!

வட்டிக்கடைக்காரர் மூணு வட்டி கேட்டால் சண்டைக்குப் போகிற ஆள்தான், இங்கே சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்.

தவணை வரும் மாதம் எது?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று பட்டாசு வட்டாரத்துக்கென்றே இருக்கிறது. ஆபீஸ் குமாஸ்தாவுக்கு மாதம் பிறந்தால் சம்பளம். பட்டாசு ஆலையில் அப்படி இல்லை. பல பேருக்குப் பீஸ் கணக்கில் கூலி. கை ஓடினால் காசு. தீபாவளிக்குச் சில நாள் முன்பு ஆலைக் கதவை மூடினால், மறுபடி திறக்கச் சுமார் ஒரு மாதம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழை வேறு.

போனஸ் கையில் இருக்கும்போது போன் வாங்கியாச்சு. முதல் தவணை எப்போது வரும்? அடுத்த மாதம். அதாவது, வேலையே இல்லாத மாதம்!

கணக்கில் பணம் இல்லை என்றால் தவணை திரும்பும். உடனே கடன் கம்பெனி ஒரு அபராதம் போடும். வங்கியும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் பிடிக்கும். ஒரு தவணை தவறினால் இரண்டு அடி!

அதோடும் போகாது. 300 முதல் 900 வரை போடப்படும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். நாளைக்கு ஒரு பைக் கடனுக்கோ, வீட்டுக் கடனுக்கோ போனால், "நீங்க செல்போன் தவணை பாக்கி வச்சிருக்கீங்களே" என்று அங்கே கேட்பார்கள்.

2018-ஐ இந்த வட்டாரம் மறந்திருக்காது. அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்துத் தீர்ப்புச் சொன்னது. நவம்பரில் ஆலைகள் மூடப்பட்டன. ஒரு மாதத்தில் திறக்கவில்லை. மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஆலை மூடினாலும் தவணைத் தேதி நிற்பதில்லை.

"உங்க ஆதாரைக் குடுங்க மதினி!"

இன்னொரு கூத்தும் நடக்கிறது. சிபில் சரியில்லாதவருக்குக் கடன் கிடைக்காது. உடனே பக்கத்து வீட்டுக்குப் போவார். "மதினி, உங்க பேர்ல ஒரு போன் எடுத்துக்கிடுறேன். தவணையை நான் கட்டிருதேன்" என்பார். மதினியும் முகத்துக்காகச் சரி என்பார்.

இரண்டு தவணை ஒழுங்காகப் போகும். மூன்றாவது நின்றுவிடும். வசூல் ஆள் யார் வீட்டு வாசலில் வந்து நிற்பார்? ஆதார் கொடுத்தவர் வீட்டு வாசலில்! போன் ஒருவர் கையில். கடன் இன்னொருவர் தலையில். கடைசியில் உறவும் போகும், பணமும் போகும்.

சொந்தத் தம்பியே கேட்டாலும் சரி, கடனுக்குப் பெயர் கொடுக்கும் முன் பத்து முறை யோசியுங்கள்.

ஆடம்பரமா, அவசியமா?

"கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு எதற்கு இவ்வளவு பெரிய போன்?" என்று கேட்பவர்களும் உண்டு. அது தவறான கேள்வி.

2020-ல் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடியதும் பாடம் செல்போனுக்கு வந்தது. போன் இல்லாத வீட்டுப் பிள்ளை படிப்பும் இல்லாமல் நின்றது. இன்று காய்கறிக் கடைக்கு ஜிபே, பள்ளிக்கூடத்துக்கு வாட்ஸ்அப், வங்கிக்கு ஓ.டி.பி. எல்லாவற்றுக்கும் போன் வேண்டும்.

இதில் வேடிக்கை, பட்டாசு ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. தீப்பெட்டியைப் போல அதையும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆசையாக வாங்கிய போன் பகல் முழுக்க வாசலில் கிடக்கும்.

எங்காவது 'டமார்' என்று சத்தம் கேட்டால் ஊரே போனைத்தான் எடுக்கும். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளம் ஆலை வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். "நான் நல்லா இருக்கேன்" என்ற ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும் வீடுகளுக்கு போன் ஆடம்பரம் அல்ல.

ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல 9 ஆயிரம் ரூபாய் போனே போதும்!

உளுந்தைக் கடித்துப் பார்ப்பவர்கள்...

விருதுநகர் வியாபாரத்துக்குப் பெயர் போன ஊர். உளுந்தைக் கையில் அள்ளி, கடித்துப் பார்த்து, விலை பேசி வாங்குகிற ஊர். அந்த ஊர் அண்ணாச்சிகூட செல்போன் கடையில் மகன் சொல்வதற்குத் தலையாட்டிவிடுகிறார்.

2003-ல் வந்த நோக்கியா 1100 போனில் டார்ச் லைட் இருந்தது. கீழே விழுந்தாலும் உடையாது என்று வாங்கினார்கள். 2014-ல் சியோமி வந்தது. ஆன்லைனில் விலை மலிவு என்று ஜனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை மலிவாக்கியதும் பட்டன் போன் மவுசு இறங்கியது. இன்று விவோ, ஓப்போ, சாம்சங், ரெட்மி, ரியல்மி என்று போட்டி. கேமரா எப்படி, சார்ஜ் எத்தனை நிமிடத்தில் ஏறும் என்றுதான் கேட்கிறார்கள். மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறோம் என்று கேட்பவர் குறைவு.

வரியும் லேசுப்பட்டது அல்ல. 2020 ஏப்ரல் 1-ந் தேதி செல்போனுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 18 ஆனது. 15 ஆயிரம் ரூபாய் போனில் 2,288 ரூபாய் வரி! 2025 செப்டம்பர் 22-ல் ஏ.சி., பெரிய டி.வி.க்கு வரி குறைந்தது. செல்போனுக்குக் குறையவில்லை.

பழைய போன் வாங்கினால்...

தவணை வேண்டாம், செகண்ட் ஹேண்டு வாங்கலாம் என்பவர்களும் உஷாராக இருக்க வேண்டும். பில் இல்லாமல், பஸ் ஸ்டாண்டில் யாரோ நீட்டும் போனை வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில்.

போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்தை அடித்து, ஒரு இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். எந்தக் கம்பெனி, என்ன மாடல், முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும்.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

* ரொக்கத்துக்கு என்ன விலை? தவணையில் மொத்தம் எவ்வளவு?

* முதல் தவணை எந்தத் தேதி? ஆலை திறந்திருக்குமா?

* தவணை தவறினால் அபராதம் எவ்வளவு?

* கேட்காமலே இன்சூரன்ஸ், கார்டு என்று எதையாவது சேர்த்திருக்கிறார்களா?

2024 அக்டோபர் முதல், கடனின் முழு விவரத்தையும் ஒரே தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருட வட்டி அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

கடையில் ஏமாற்றம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. கடன் கம்பெனி மீது புகார் என்றால் முதலில் கம்பெனிக்கே எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர் ஆணையரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான பொருளுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது.

போன் வாங்குங்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டதைக் கொடுங்கள். ஆனால் கடைக்குள் நுழையும் முன் கார்த்திகை மாதச் செலவுக்கு ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். மீதிப் பணத்துக்கு என்ன போன் வருமோ, அதுதான் உங்கள் போன்.